குழந்தைகள் குறைந்ததும் முதியோர் கூடியதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காலத்தில் ஊர்ச் சுவர்களில் சிவப்பு முக்கோணம் வரைந்து "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று எழுதிவைத்தது தமிழ்நாட்டு அரசு. 2024 அக்டோபரில் அதே மாநிலத்தின் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழா மேடையில், தொகுதிகள் குறையும் என்ற பேச்சு வரும்போது பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது என்ற பொருளில் பேசினார். நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் சமூகவியல் விளக்க முயல்கிறது. மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் சும்மா தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் கீழே. கோட்பாடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அவற்றைத் தமிழ்நாட்டின் மேல் வைத்துப் பார்த்தால் எது நிற்கிறது, எது நொண்டுகிறது என்பதும் சேர்ந்து தெரியும்.

பிறப்பு விகிதம் வேறு, கருவள விகிதம் வேறா?

வேறுதான். ஓர் ஆண்டில் 1,000 பேருக்கு எத்தனை குழந்தை பிறந்தது என்பது பிறப்பு விகிதம். இளைஞர்கள் நிறைந்த ஊரில் அது தானாகவே கூடும். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவாள் என்ற கணக்கு மொத்தக் கருவள விகிதம். இது 2.1 இருந்தால் ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை அப்படியே நிரப்பும். இதைப் பதிலீட்டு நிலை என்பார்கள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1992-93இல் இது சுமார் 2.5. 2005-06இல் 1.8. 2019-21இலும் 1.8. பிறப்பு இறப்புகளை ஆண்டுதோறும் கணக்கிடும் மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கையோ 1.4 என்கிறது. இரண்டும் கணக்கெடுக்கும் முறை வேறு என்பதால் இந்த இடைவெளி. இரண்டுமே 2.1க்குக் கீழே என்பதில் தகராறு இல்லை.

மக்கள்தொகை மாற்றக் கோட்பாடு என்பது என்ன? தேர்வில் எப்போதும் வருகிறதே.

வாரன் தாம்ப்சன் 1929இலும், அடால்ஃப் லாண்ட்ரி 1934இலும், ஃபிராங்க் நோட்ஸ்டைன் 1945இலும் சொன்னவற்றைச் சேர்த்துக் கட்டிய கதை இது. முதலில் பிறப்பும் அதிகம், சாவும் அதிகம். ஜனத்தொகை அப்படியே நிற்கும். பிறகு சாவு குறையும், பிறப்பு குறையாது, ஜனத்தொகை வீங்கும். அதன் பிறகு பிறப்பும் குறைந்து, இரண்டும் தாழ்ந்த நிலையில் சந்திக்கும்.

இந்தியாவுக்கு முதல் பகுதி நன்றாகவே பொருந்துகிறது. 1911க்கும் 1921க்கும் இடையில் நாட்டின் ஜனத்தொகை சுமார் 25.2 கோடியிலிருந்து 25.1 கோடியாகக் குறைந்தது. முக்கியக் காரணம் 1918இன் விஷக்காய்ச்சல் (இன்ஃபுளூயன்சா). அதற்குப் பின் எந்தக் கணக்கெடுப்பிலும் எண்ணிக்கை இறங்கவில்லை.

ஆனால் என்ன நடந்தது என்று சொல்லும் இந்தக் கோட்பாடு, ஏன் நடந்தது என்று கேட்டால் திணறுகிறது. தொழிற்சாலை வந்தால், நகரம் வளர்ந்தால் பிறப்பு குறையும் என்றார்கள். ஐரோப்பாவில் பிறப்பு முதலில் இறங்கியது தொழிற்புரட்சி நடந்த இங்கிலாந்தில் இல்லை. பெரிதும் விவசாய நாடாக இருந்த பிரான்சில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஐரோப்பாவை மாவட்டம் மாவட்டமாக அலசியபோது, பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் ஊர்களும் ஃபிளெமிஷ் பேசும் ஊர்களும், வசதியில் ஒத்திருந்தும், பிறப்பில் பிரிந்து நின்றன. ஆக பணம் மட்டும் காரணமில்லை. எந்தப் பேச்சு எந்தக் காதுகளை எட்டுகிறது என்பதும் காரணம்.

சாவு குறைந்தது மருந்தாலா, சோற்றாலா, சாக்கடையாலா?

இது ஒரு பழைய சண்டை. தாமஸ் மெக்கியோன் என்ற பிரிட்டிஷ் அறிஞர், இங்கிலாந்தில் காசநோய்ச் சாவுகள் அந்த நோய்க்கு மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே இறங்கிவிட்டன என்று காட்டினார். அவர் சொன்ன காரணம்: நல்ல சாப்பாடு. வரலாற்றாசிரியர் சைமன் ஸ்ரெட்டர் 1988இல் அதை மறுத்தார். சாப்பாடு தானாக வேலை செய்யவில்லை. குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கும் நகராட்சிகள் சண்டை போட்டுப் பணம் ஒதுக்கியதுதான் உயிர்களைக் காத்தது என்றார்.

இந்தச் சண்டையில் என் சாய்வு ஸ்ரெட்டர் பக்கம். காரணம் நம்மிடமே இருக்கிறது. சென்னை மாகாணம் 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதுதான் முதல். நோய் வந்தபின் மருத்துவம் பார்ப்பவர்கள் ஒரு துறை, நோய் வராமல் பார்ப்பவர்கள் இன்னொரு துறை என்று பிரித்து வைத்திருந்த பழக்கம் இங்கே விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்தது. கொசு ஒழிப்பு, கிணற்றில் குளோரின், தடுப்பூசி என்று அலைகிற ஓர் ஊழியர் படை எப்போதும் இருந்தது. வெளியே தெரியாத வேலை. யாருக்காவது காலரா வராமல் போனதற்காக எவரும் மாலை போடுவதில்லை.

சோற்றையும் தள்ளிவிட முடியாது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, அங்கன்வாடி, ரேஷன் அரிசி எல்லாம் சேர்ந்துதான் மெலிந்த பிள்ளைகள் வயிற்றுப்போக்குக்கும் அம்மைக்கும் பலியாவதைக் குறைத்தன. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் நூறுக்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அது 13. பிரசவத்தில் தாய் இறப்பது, 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54. நாடு முழுவதற்கும் 97.

கேரளத்தின் இறப்பு விகிதம் பீகாரைவிட அதிகமாமே? இதென்ன வேடிக்கை?

2020இல் 1,000 பேருக்குக் கேரளத்தில் 7.0, பீகாரில் 5.4. கேரளத்தில் வயதானவர்கள் அதிகம், அதனால் சாவும் அதிகம், அவ்வளவுதான். சுகாதாரத்தை ஒப்பிட வேண்டுமானால் ஆயுள் எதிர்பார்ப்பைப் பாருங்கள், சிசு மரணத்தைப் பாருங்கள். மொத்த இறப்பு விகிதத்தை வைத்து மாநிலங்களுக்கு மதிப்பெண் போடும் வாட்ஸாப் பதிவுகளை அப்படியே விட்டுவிடலாம்.

அந்தக் காலத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் பெற்றது அறியாமையாலா?

படித்தவர்கள் மிகச் சுலபமாகச் சொல்லும் பதில் அது. 1798இல் மால்தஸ் தொடங்கிவைத்த பேச்சும்கூட: ஏழைகள் அடக்கமில்லாமல் பெற்றுத் தள்ளுகிறார்கள், சோறு பற்றாது, பஞ்சம் வந்து கணக்கைச் சரிசெய்யும். அவர் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில்தான் பேராசிரியராக இருந்தார். அங்கே படித்தவர்கள் நம் மாவட்டங்களை ஆண்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு 1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தைப் படித்தால், அரசு ஏன் அவ்வளவு கைகட்டி நின்றது என்பது ஓரளவு புரியும். வறுமைக்குக் காரணம் ஏழைகளின் எண்ணிக்கை இல்லை, சொத்து இருக்கும் இடம்தான் என்று மார்க்ஸ் திருப்பி அடித்தார்.

20ஆம் நூற்றாண்டில் சமூகவியல் கேள்வியையே மாற்றியது. பஞ்சாபின் மனுப்பூர் கிராமத்தில் 1950களில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் கருத்தடை மாத்திரைகளை வீடு வீடாகக் கொடுத்தார்கள். மக்கள் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்கள், பலர் பயன்படுத்தவில்லை. பின்னர் அங்கே போன ஆய்வாளர் மஹ்மூத் மம்தானி 1972இல் எழுதியது: அந்தக் குடும்பங்களுக்குப் பிள்ளைகள் பாரம் இல்லை, கைகள். நிலம் குறைவாக இருப்பவனுக்குக் கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை, மகன்கள்தான் ஆட்கள்.

மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல் இதைப் பொதுவாக்கினார். செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் போகும்வரை நிறையப் பெறுவது புத்திசாலித்தனம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகத் தொடங்கினால் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். திசை திரும்பும் இடத்தில் பிறப்பு விழும் என்றார்.

நம் ஊரில் அதை நேராகப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 1980களில் சிவகாசி, சாத்தூர் பக்கம் விடியும் முன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வரும். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். நாள் முழுக்கச் சட்டத்தில் குச்சி அடுக்கினால், அடுக்கிய கணக்குக்குக் கூலி. அந்தப் பணம் வார இறுதியில் அம்மா கைக்குப் போகும். மூன்று பெண் பிள்ளைகள் ஆபீசுக்குப் போகும் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தத் தாயிடம் போய் இரண்டோடு நிறுத்து என்று சொன்னால் சிரிக்கத்தானே செய்வாள்? அதே பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் கணக்கு புரண்டது. சீருடை, நோட்டு, டியூஷன், பிறகு இங்கிலீஷ் மீடியம், வேன் ஃபீஸ். வரவாக இருந்தவள் செலவானாள்.

அப்படியென்றால் தமிழ்நாட்டில் குறைந்ததற்கு உண்மையான காரணம் எது?

ஒன்றைச் சொல்லி முடிக்க ஆசைதான், முடியாது. ஆனால் அடுக்கிக் காட்டலாம்.

பேச்சு முதலில் வந்தது. 1920களின் இறுதியிலேயே பெரியார் கருத்தடையைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்கு, நாட்டின் வறுமைக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, அவர் சொன்ன காரணம் பெண்ணின் விடுதலை. சென்னையில் படித்த உயர்வகுப்பினர் கருத்தடைக்காகச் சங்கம் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் அக்கறை வேறு. இரண்டும் சேர்ந்ததில், மற்ற இடங்களில் வாய்விட்டுப் பேச முடியாத ஒரு விஷயம் இங்கே மேடையேறிவிட்டது. பின்னால் வந்த எந்தக் கட்சியும் குடும்பக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஓட்டுக் கேட்கவில்லை.

பிறகு குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். இரண்டு தங்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் இரண்டோடு நிறுத்தமாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் நிர்வாகம். டி.வி. அந்தோணி என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, பின்னாளில் தலைமைச் செயலாளர், குடும்பக் கட்டுப்பாட்டில் காட்டிய வேகத்தைப் பார்த்து அவர் பெயரின் முன்னெழுத்துகளை 'டியூபெக்டமி, வாசெக்டமி' (பெண்களுக்கும் ஆண்களுக்கும் செய்யும் கருத்தடை அறுவை சிகிச்சைகள்) என்று விரித்துக் கிண்டல் செய்தார்கள். கீழே, ஊருக்கு ஊர் நர்சம்மா. கிராமச் சுகாதாரச் செவிலியரின் பெரிய நோட்டில் எந்தத் தெருவில் யாருக்குத் தலைப்பிரசவம், யாருக்கு இரண்டாவது முடிந்து ஆபரேஷன் பாக்கி என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவளிடம், "இதோட சேத்து ஆபரேஷனும் பண்ணிக்க, திரும்பத் திரும்ப வர முடியாதில்ல?" என்று மாமியார் எதிரிலேயே கேட்டுவிடுவார்கள். சம்மதம் எவ்வளவு, வற்புறுத்தல் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். அதை மறைத்து இதை வெற்றிக் கதையாக மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பாது.

எல்லாவற்றையும் ஒட்டியது சாலையும் பஸ்சும் சினிமாவும். கிராமத்துக்கும் டவுனுக்கும் இவ்வளவு குறைந்த தூரம் உள்ள பெரிய மாநிலங்கள் குறைவு. டவுனில் இருக்கும் வாத்தியார் வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்பதைப் பூக்காரியும் பார்க்கிறாள். பாடப்புத்தகம் சொல்லும் வரிசைப்படி பெண்கள் முதலில் படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், அப்புறம்தான் பிள்ளை குறையும். இங்கே பள்ளிக்கூடமே போகாத பெண்களும் குறைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆசை தங்கள் படிப்பின் மேல் இல்லை, மகளின் படிப்பின் மேல்.

ஆபரேஷன் ஏன் பெண்கள் தலையில் மட்டும் விழுந்தது?

தொடக்கத்தில் அப்படி இல்லை. சென்னை மாநிலம் 1950களிலேயே ஊக்கத்தொகை கொடுத்து ஆண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தது. எளிய சிகிச்சை, சீக்கிரம் வீடு திரும்பலாம். நெருக்கடி நிலைக் காலம் அதைக் கெடுத்தது. 1976-77இல் மட்டும் நாடு முழுக்க சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவை சிகிச்சைகள், பெரும்பகுதி ஆண்கள், வட மாநிலங்களில் பலரைப் பிடித்து இழுத்துப் போனார்கள். 1977 தேர்தலில் அரசு கவிழ்ந்தது. அதன்பின் எந்த அரசியல்வாதியும் ஆண்களின் பக்கம் போகவில்லை.

2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு. கனமான வேலை செய்ய முடியாது, ஆண்மை போய்விடும் என்ற பயத்தை இவ்வளவு ஆண்டுகளில் யாரும் தீவிரமாக உடைக்க முயலவில்லை. பெண் உடல்தான் சுலபமாகக் கிடைத்தது.

சிறு குடும்பத்துக்குப் பெண் குழந்தைகள் விலை கொடுத்தார்களா?

ஆம். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் ஆசை வேகமாக வந்துவிட்டது. மகன் வேண்டும் என்ற ஆசை அதே வேகத்தில் குறையவில்லை. எட்டுப் பிள்ளை பெறும்போது மகன் எப்படியும் வந்துவிடுவான். இரண்டில் நிறுத்த வேண்டுமென்றால் இரண்டாவது பெண் ஆபத்தில் இருக்கிறாள். 1980களின் நடுவில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலைகள் பத்திரிகைகளில் வெளியாகின. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கள்ளிப்பாலின் இடத்தை ஸ்கேன் பிடித்ததும் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் மத்தியச் சட்டம் வந்தது.

வரதட்சணை இந்தக் கணக்கின் அடியில் இருந்தது. சேலம், தருமபுரி, மதுரையின் மேற்கு என்று சில வட்டாரங்களில் இது குவிந்ததும், அங்கே பாசனமும் பணமும் வந்த பிறகுதான் வரதட்சணையும் ஏறியது என்பதும் கவனிக்க வேண்டியவை. வளர்ச்சி வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மதம்தான் பிறப்பைத் தீர்மானிக்கிறது என்கிறார்களே?

தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்களின் கருவள விகிதம் பீகார் இந்துப் பெண்களுடையதைவிடக் குறைவு. எந்த மாநிலத்தில் பிறந்தாள், எத்தனை வகுப்பு படித்தாள் என்பவை எந்தக் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறாள் என்பதைவிடப் பெரிய காரணிகள். நாட்டளவில் 1992-93இலிருந்து 2019-21க்குள் முஸ்லிம்களின் விகிதம் 4.4இலிருந்து 2.4க்கு இறங்கிவிட்டது, எல்லாச் சமயத்தினரிலும் அதிகமாக இறங்கியது அவர்களுடையதுதான்.

நம்பிக்கைகளுக்கு இடமே இல்லையா?

உண்டு, ஆனால் பெரும்பாலும் அவை நேரத்தை மாற்றுகின்றன, எண்ணிக்கையை அல்ல. ஜப்பானில் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கை. அந்த ஆண்டான 1966இல் பிறப்புகள் முந்தைய ஆண்டின் 18 லட்சத்திலிருந்து 13.6 லட்சமாகச் சரிந்து, 1967இல் 19 லட்சத்தைத் தாண்டின. நம் பக்கம் ஆடி மாதத்தில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவதும் இந்த ரகம்தான். சித்திரையில் பிள்ளை வேண்டாம் என்பார்கள், பிள்ளையே வேண்டாம் என்பதில்லை.

தெருவுக்குத் தெரு கருத்தரிப்பு மையம் இருக்கிறதே, குழந்தையின்மைதானே காரணம்?

குழந்தையில்லாத தம்பதிகளின் வேதனை உண்மை, விளம்பரப் பலகைகளும் உண்மை. ஆனால் விகிதம் இறங்கியதற்குக் காரணம் அது இல்லை. தமிழ்நாட்டில் கல்யாணமானவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு குழந்தையாவது பெறுகிறார்கள். காணாமல்போனது மூன்றாவதும் நான்காவதும் ஐந்தாவதும். இப்போது சில வீடுகளில் இரண்டாவதும்.

மக்கள் நீண்ட நாள் வாழ்வதால்தானே முதியோர் கூடினார்கள்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிக்கும் மேல் தவறு.

1,000 பேர் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயது தாண்டியவர்கள் 80 பேர், சிறுவர்கள் 400 பேர். முதியோர் 8 சதவீதம். பிறப்புகள் குறைந்து சிறுவர்கள் 200 ஆகிறார்கள்; வேறு எதுவும் மாறவில்லை. இப்போது ஊரில் 800 பேர், அதில் 80 முதியோர், 10 சதவீதம். எந்தக் கிழவரும் ஒரு நாள் கூடுதலாக வாழவில்லை, ஊருக்கு மட்டும் வயதாகிவிட்டது. இன்னொரு விசித்திரம்: சாவு குறையத் தொடங்கும் காலத்தில் முதலில் பிழைப்பது கைக்குழந்தைகள். அதனால் அந்தக் கட்டத்தில் சமூகம் இளமையாகிறது. 60, 70 வயதுக்காரர்களின் ஆயுள் நீள்வது பிற்பாடு வருகிற சங்கதி. அதன் பங்கு இப்போதுதான் பெரிதாகிக்கொண்டிருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தோர் 10.4 சதவீதம். மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணித்தது 2021க்கு 13.6, 2031க்கு 18.2. கேரளத்துக்கு அடுத்த இடம். இதில் பெரிய பங்கு 1960களில் பிறந்தவர்களுடையது. அவர்கள் அப்பா அம்மா நிறையப் பெற்ற காலம், அம்மையும் காலராவும் பின்வாங்கிய காலம். அந்தக் கூட்டம் பிழைத்து, வளர்ந்து, தாங்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டது. இப்போது 60ஐத் தாண்டுகிறது. நர்சம்மாவின் நோட்டில் 1990இல் 'ஆபரேஷன் முடிந்தது' என்று டிக் அடிக்கப்பட்ட பெண்கள்தான் முதியோர் கணக்கில் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

பதிலீட்டு நிலைக்குக் கீழே போய் முப்பது ஆண்டாகியும் ஜனத்தொகை ஏன் குறையவில்லை?

1991இல் 5.59 கோடி, 2001இல் 6.24 கோடி, 2011இல் 7.21 கோடி. பழைய காலத்தில் பிறந்த பெண்கள் எண்ணிக்கையில் அதிகம்; ஆளுக்கு இரண்டுக்குக் குறைவாகப் பெற்றாலும் மொத்தம் சேர்ந்துகொண்டே போகும். இதை மக்கள்தொகை உந்தம் என்பார்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களும் இதில் சேர்த்தி. திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் சென்னையின் கட்டடங்களும் ஓட்டல்களும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. அங்கே பிறந்த பிள்ளைகளை வளர்த்த செலவு அந்தத் தாய்களுடையது, உழைப்பின் பலன் இங்கே. 'வடக்கன்' என்று வசை பாடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கூட்டுக் குடும்பம் உடைந்ததால்தான் முதியோர் தவிக்கிறார்களா?

கூட்டுக் குடும்பத்தில் எல்லா முதியவரும் ராஜா மாதிரி வாழ்ந்தார்கள் என்பது சீரியல் கதை. சொத்து உள்ள வீட்டில் கிழவருக்கு மரியாதை இருந்தது. கூலி வீட்டில் உழைக்க முடியாதவருக்கு என்ன இருந்தது என்பதற்கு, தென் மாவட்டங்களில் வழங்கும் 'தலைக்கு ஊத்தல்' என்ற சொல்லே போதும். நோயில் கிடக்கும் முதியவரை அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாவை வரவழைக்கும் வழக்கம். 2010இல் விருதுநகர் மாவட்டத்துச் செய்திகளால் வெளியுலகுக்குத் தெரிந்தது.

கோட்பாட்டுப் பக்கம் பார்த்தால், 1961இல் கம்மிங், ஹென்றி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வயதானவர் சமூகத்திலிருந்து மெல்ல விலகுவது இயல்பு, அவருக்கும் சமூகத்துக்கும் நல்லது என்றார்கள். பிரிட்டனின் பீட்டர் டவுன்சென்ட் இருபது ஆண்டு கழித்து எதிர்மாறாகச் சொன்னார்: அவர்கள் விலகவில்லை, விலக்கப்படுகிறார்கள், ஓய்வு வயது, சொற்ப ஓய்வூதியம், இல்லங்கள் என்று விதிகளைப் போட்டு முதுமையைச் சார்புநிலையாக ஆக்குவது சமூகம்தான்.

டவுன்சென்ட் சொல்வது அரசு ஊழியருக்குச் சரியாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 என்றிருந்தது 2020இல் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. ஓர் அரசாணையில் ஆயிரக்கணக்கானோர் 'முதியவர்' ஆவது தள்ளிப்போனது. விவசாயக் கூலிக்கு ஓய்வு வயதே கிடையாது. நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மண் அள்ளுகிறவர்களில் பாதிப் பேர் பாட்டிகள். காலை ஏழரைக்கு வருகைப் பதிவு. முழங்காலில் துணி கட்டிக்கொண்டு, வெற்றிலைப் பையை மர நிழலில் மாட்டிவிட்டு, ஆறேழு பேர் ஒரு குழிக்கு இறங்குவார்கள். நடக்க முடியாதவளைத் தண்ணீர் கொடுக்க உட்கார வைத்துவிடுவது எழுதப்படாத சட்டம். அந்தப் பணமும் முதியோர் உதவித்தொகையும் சேர்ந்தால் மருமகளிடம் கையேந்த வேண்டாம். உதவித்தொகைத் திட்டத்தைத் தமிழ்நாடு 1962இலேயே தொடங்கியது. 2023இல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயதுவரை 200 ரூபாய்தான்.

பெண்கள் நிலை தனி. கணவன் சில வயது மூத்தவன், பெண்ணுக்கு ஆயுளும் கொஞ்சம் அதிகம்; ஆக கடைசி ஆண்டுகளில் அவளைக் கவனிக்கத் துணை இல்லை. அவனை அவள் கவனித்து அனுப்பியிருப்பாள். வீடு மகன் பெயரில் இருக்கும். மகளுக்குச் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது, நாடு முழுமைக்கும் 2005இல்தான். ஆனாலும் கல்யாணத்தோடு மகளின் பங்கு முடிந்துவிட்டதாகக் கருதிக் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. கடைசியில் மூத்திரத் துணி மாற்ற வருவது பெரும்பாலும் அந்த மகள். பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தும் 2007 சட்டம் இருக்கிறது. மகன் மேல் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்க எத்தனை தாய்கள் துணிவார்கள்?

இனி அரசு கேட்டுக்கொண்டால் மக்கள் நிறையப் பெறுவார்களா?

மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ருமேனியா 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. ஒரே ஆண்டில் கருவள விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பானது, பிறகு கள்ள வழிகள் பெருகி மறுபடி இறங்கியது, பெண்கள் செத்தார்கள். தென் கொரியா கட்டாயப்படுத்தவில்லை, பணம் கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் கொட்டியும் 2023இல் விகிதம் 0.72.

மக்கள்தொகை ஆய்வாளர் பீட்டர் மெக்டொனால்ட் சொல்லும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. பள்ளியிலும் வேலையிலும் பெண்ணுக்குச் சமத்துவம் கிடைத்து, வீட்டுக்குள் மட்டும் பழைய சட்டமே நீடித்தால், அவள் பிள்ளையைத் தள்ளிப்போடுவாள் அல்லது கல்யாணத்தையே தள்ளிப்போடுவாள். கொரியாவிலும் ஜப்பானிலும் கல்யாணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவது மிக அரிது. அதனால் கல்யாணம் குறைந்தால் பிள்ளையும் குறைகிறது. இந்த விஷயத்தில் நாம், கல்யாணம் இல்லாமலும் பிள்ளை பெறும் சுவீடனைவிடக் கொரியாவுக்குத்தான் நெருக்கம். ஐ.டி. கம்பெனியில் இரவு ஒன்பது வரை வேலை பார்க்கும் பெண், வீட்டுக்கு வந்து இட்லிக்கு மாவும் ஆட்டினால் இரண்டாவது குழந்தைக்கு எங்கே போவாள்?

ஆந்திரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்றிருந்த சட்டத்தை 2024இல் நீக்கினார்கள். அந்த விதி போனதால் அங்கே தொட்டில் விற்பனை கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொகுதி மறுவரையறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1976இல் 42ஆவது திருத்தம், மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின்படி உறைய வைத்தது. பிறப்பைக் குறைக்கும் மாநிலத்துக்கு இடம் குறையக் கூடாது என்பது நோக்கம். 2001இல் வந்த 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அந்த உறைவு முடிந்து ஜனத்தொகைப்படி இடங்களைப் பிரித்தால், பிறப்பைக் குறைத்த தென் மாநிலங்களின் பங்கு குறையும். தெற்கின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தைக் கர்ப்பப்பையிடம் காட்டுவது பயனில்லாத வேலை. இன்று பிறக்கும் குழந்தை ஓட்டுப் போடவே 18 ஆண்டு ஆகும்.

அடுத்த கணக்கெடுப்பில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. மேலே நான் கொடுத்த 2021, 2031 விழுக்காடுகள் கணிப்புகளே, எண்ணியவை அல்ல. மொத்த ஜனத்தொகையைச் செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போடும். அதை விட்டுவிட்டு வயதுவாரிப் பட்டியலுக்குப் போங்கள். மாவட்டவாரியாக 60க்கு மேற்பட்டோர் எத்தனை, ஆறு வயதுக்குட்பட்டோர் எத்தனை, தனியாக வாழும் முதியோர் குடும்பங்கள் எத்தனை என்று பாருங்கள். கூடவே தமிழ்நாட்டில் வசிக்கும் இந்தி, ஒடியா, வங்கமொழி பேசுவோரின் வயதையும் பாருங்கள். எந்த மாவட்டத்தில் அங்கன்வாடியை மூடப்போகிறார்கள், எங்கே முதியோர் பகல்நேர மையம் திறக்க வேண்டியிருக்கும் என்பது அந்த நான்கு பத்திகளில் கிடைத்துவிடும்.